கடைசி டேப்பில் வந்த யானை

புதிதாகச் சேர்ந்திருக்கும் பிள்ளைகளுக்கு,

செய்தி அனுப்பும் பட்டனை அழுத்தியதும் உங்கள் திரையில் ஒரு பெட்டி வந்து "எந்த ஊருக்கு?" என்று கேட்கிறது. ஊர்ப் பெயரை எழுத்து எழுத்தாகத் தட்டினால்தான் செய்தி போகிறது. அந்தச் சனியனை எடுக்கவே முடியாதா என்று உங்களில் ஒருவர் எனக்கு எழுதியிருக்கிறார். பெயரைச் சொல்ல மாட்டேன். கண்ணாடி போட்ட பையன். மற்றவர்கள் எழுதவில்லையே தவிர, கீழே பேக்கரியில் நின்று இதைத்தான் பேசிக்கொள்கிறீர்கள் என்று எனக்குச் சேதி வந்துவிட்டது. நான் ஓய்வு பெற்றுவிட்டேன், என் காது இன்னும் பெறவில்லை.

அதை எடுப்பதா வேண்டாமா என்று முடிவு செய்கிற ஆள் இப்போது நான் இல்லை. ஆனால் அது எப்படி வந்தது என்று சொல்ல முடியும். சொல்ல வேண்டுமானால், கோட் எழுதும் எடிட்டரில் புதிய டேப் எந்த இடத்தில் திறக்க வேண்டும் என்ற மாபெரும் பிரச்சினையிலிருந்து ஆரம்பிக்க வேண்டும். சிரிக்காதீர்கள். அந்தப் பிரச்சினையில் ஒரு பெண்ணின் வேலை மயிரிழையில் தப்பியது.

அப்போது இந்தப் பாலக்காட்டு அலுவலகத்தில் நாங்கள் மூன்றே பேர். முதலாளி மணி சார், நான், இசக்கி. மணி சார் கல்பாத்திக்காரர், நல்ல மனுஷர், பேச ஆரம்பித்தால் நிறுத்தத் தெரியாது. நான் கொழிஞ்சாம்பாறைப் பக்கம். எங்கள் வீட்டில் எல்லோருக்கும் தென்னையும் நெல்லும், எனக்கு மட்டும் கம்ப்யூட்டர். இசக்கி பீர்மேட்டில் எஸ்டேட் லயத்து வீட்டில் பிறந்தவள். டிப்ளமா முடித்துவிட்டு குமுளியில் ஒரு போன் கடையில் நன்றாகத்தான் இருந்தாள். அதை விட்டுவிட்டு எங்களிடம் வந்து புரொபேஷனில் சேர்ந்திருந்தாள். நான் சொல்லப்போகும் சம்பவம் நடந்த மாதத்தின் கடைசியில் அது முடிய வேண்டும். மணி சார் கையெழுத்துப் போட்டால் நிரந்தரம். போடாவிட்டால் பீர்மேட்டுக்கு பஸ், அங்கிருந்து எஸ்டேட்டுக்கு ஜீப்.

"வேலை போனாக்கூடப் பரவால்லக்கா. திரும்பிப் போற ஜீப்பத்தான் நெனச்சா பயமா இருக்கு. ஏறுனதுலருந்து எறங்குற வரைக்கும் அம்புட்டுப் பேரும் ஒருத்தர் மாத்தி ஒருத்தர் கேப்பாவ, ஏட்டி வந்துட்டன்னு," என்பாள் இசக்கி. சிரித்துக்கொண்டுதான் சொல்வாள். ஆனால் அந்த ஜீப்பைப் பற்றி அவள் அடிக்கடி சொன்னாள்.

எங்கள் தொழில் அன்றைக்கும் இதேதான். மலையோர ஊர்களுக்கு போனில் செய்தி அனுப்புவது. அகளிப் பக்கம் காட்டோரக் குடியிருப்புகளுக்கு யானை வந்தால் எச்சரிக்கை. ரொம்பத் தள்ளி, குமுளிப் பக்கம் சக்குபள்ளத்தில் ஏலக்காய் விவசாயிகள் குழு ஒன்றுக்கு மழை வருகிற சேதி, மருந்து வந்த சேதி, வேலையாட்களை ஏற்றும் ஜீப் எப்போது வரும் என்கிற சேதி. இன்னும் சில ஊர்கள். ஊருக்கு ஒரு ஃபைல். திறந்த ஃபைல் ஒவ்வொன்றும் திரையின் மேல் வரிசையில் ஒரு டேப்பாக நிற்கும். எல்லா ஃபைலுக்கும் "செய்தி" என்றுதான் பெயர். எந்த ஊர்ச் செய்தி என்பது டேப்பின் ஓரத்தில் வெளிறிய சின்ன எழுத்தில் தெரியும், தெரிந்துகொள்ள ஆசைப்படுகிறவர்களுக்கு.

வெளியாள் கேட்டால் சிரிப்பார். கோட் எழுதுகிற அதே எடிட்டரிலேயே செய்தியையும் எழுதி, அங்கிருந்தே அனுப்பிவிடுவோம். எந்த டேப் முன்னால் நிற்கிறதோ அந்த ஊருக்குப் போகும். அனுப்பும் அனுமதி ஒரே ஒரு மிஷினுக்குத்தான் இருந்தது, அதில்தான் மூன்று பேரும் மாறி மாறி உட்காருவோம். அனுப்புவதற்கென்று தனியாக ஒரு திரை செய்ய வேண்டும் என்று வருஷா வருஷம் பேசுவோம். பேசிவிட்டு டீ குடிக்கப் போவோம்.

அந்த எடிட்டரின் பிறவிக்குணம் என்னவென்றால், புது ஃபைல் ஒன்றைத் திறந்தால் இப்போது பார்த்துக்கொண்டிருக்கிற டேப்புக்குப் பக்கத்திலேயே திறக்கும். எனக்கும் இசக்கிக்கும் அது சௌகரியம். மணி சாருக்கு ஆகவே ஆகாது.

"பந்தி நடுவுல கொண்டுபோய் எலை போடுவாளோ? அப்பறமா வந்தவன் கடைசீலே போய் உக்காரணும். அதாக்கும் மரியாதை," என்பார். கல்பாத்தியில் அத்தனை கல்யாணப் பந்தி பார்த்தவர். சொன்னதோடு விடமாட்டார். புதிய டேப் ஒவ்வொன்றையும் மவுஸால் பிடித்து, வலது கோடிக்கு இழுத்துக்கொண்டு போய் உட்கார வைப்பார். இழுக்கும்போது பீரோ நகர்த்துகிறவர் மாதிரி ஒரு முக்கல் வேறு.

இசக்கி வந்த முதல் வாரமே இந்த முக்கலைக் கவனித்தாள். இரண்டு நாள் யாரோடும் பேசாமல் உட்கார்ந்து, எடிட்டரோடு ஒட்டிக்கொள்கிற சின்னப் புரோகிராமாக ஒரு ப்ளகின் எழுதினாள். புதிய டேப் எங்கே திறக்க வேண்டும் என்பதற்கு அதில் நாலு இடம்: இடப்பக்கம், வலப்பக்கம், வரிசையின் முதல், வரிசையின் கடைசி. மிஷின் முன்னால் உட்கார்ந்ததும் மேல் மூலையில் உங்கள் பெயரைத் தேர்ந்தெடுத்தால் போதும், உங்களுக்குப் பிடித்த இடத்தில் திறக்கும். மணி சார் பெயருக்குக் கடைசி. எங்கள் இரண்டு பேருக்கும் வலப்பக்கம்.

மணி சாருக்குப் பரம சந்தோஷம். பேக்கரிக்காரரை மாடிக்கு அழைத்து வந்து காட்டினார். அவர் பாவம், கையில் பன் தட்டோடு நின்று பார்த்துவிட்டுப் போனார். அத்தோடு மணி சார் எடிட்டரிலேயே முன்பிருந்து இருந்த ஒரு கீயையும் பழகிக்கொண்டார். அதை அழுத்தினால் வரிசையின் கடைசி டேப்புக்கு நேராகப் போய்விடலாம். ஊர் ஃபைலைத் திறப்பார், அது கடைசியில் போய் உட்காரும். குடியிருப்புகளின் பெயர் பார்க்க வேறு டேப்புகளில் கொஞ்சம் உலாத்துவார். அந்தக் கீயை ஒரு தட்டு, திரும்பி வந்துவிடுவார். செய்தியை எழுதுவார், அனுப்புவார். எந்த இடத்திலும் டேப்பின் ஓரத்து ஊர்ப் பெயரைப் படிக்க வேண்டிய அவசியம் அவருக்கு இல்லாமல் போனது.

இங்கே நான் செய்த ஒரு குறும்பைச் சொல்லிவிடுகிறேன், பின்னால் தேவைப்படும். ஒருநாள் வேலை குறைவாக இருந்தது. மணி சார் பெயருக்கு எதிரே இருந்த "கடைசி"யை எடுத்துவிட்டு "முதல்" என்று வைத்தேன். அனுப்புவதற்கு எதுவும் இல்லாத நாள், அதைப் பார்த்துத்தான் வைத்தேன். அவர் வந்து உட்கார்ந்தார். ஃபைலைத் திறந்தார், கீயைத் தட்டினார், வேறு எதுவோ வந்தது. மறுபடி திறந்தார், மறுபடி தட்டினார். மூக்கைச் சொறிந்தார். எழுந்து நின்று மேஜையைச் சுற்றி வந்தார்.

"கண்ணம்மா, இந்த மேஜை தெக்கு பாத்துண்டிருக்கு. அதான் ஒண்ணும் நேரே ஆகலை," என்றார்.

பேக்கரிப் பையன்களை அழைத்து மேஜையைக் கிழக்கே திருப்பினார். அவர்கள் திருப்பிக்கொண்டிருந்தபோது நான் சத்தமில்லாமல் "கடைசி"யைத் திரும்ப வைத்துவிட்டேன். அவர் உட்கார்ந்தார், எல்லாம் சரியாக வந்தது. அன்று சாயங்காலம் முழுக்க வாஸ்துவின் மகிமை பற்றி எங்களுக்குப் பாடம் நடந்தது. இசக்கி புடவைத் தலைப்பை வாயில் அடைத்துக்கொண்டு பாத்ரூமுக்கு ஓடினாள். மேஜை இன்றைக்கும் கிழக்கே பார்த்துத்தான் கிடக்கிறது, நீங்களே பார்த்திருப்பீர்கள்.

நானும் சிரித்தேன். ஆனால் ஒன்றை மனதில் போட்டு வைத்துக்கொண்டேன். டேப்பைப் பார்ப்பது மணி சாரின் கண் இல்லை, விரல்.

இனி அந்த நாளுக்கு வருகிறேன். மதியம் தாண்டிய நேரம். நானும் இசக்கியும் கீழே பேக்கரியில் முட்டை பஃப்ஸோடு நின்றுகொண்டிருந்தோம். எல்லா ஊர்ச் செய்தியும் எங்கள் போனுக்கும் ஒரு நகல் வரும்படி வைத்திருந்தோம். என் போன் அடித்தது. பார்த்தேன். தலைப்பில் சக்குபள்ளம். கீழே இப்படி இருந்தது: "பள்ளிக்கூடத்துக்குப் பின்னால் ஆற்றோரம் இரண்டு யானைகள். பிள்ளைகளை வெளியே விட வேண்டாம். நடந்து போகிறவர்கள் இருக்கும் இடத்திலேயே நிற்கவும்."

இசக்கியும் தன் போனைப் பார்த்துக்கொண்டிருந்தாள். "அக்கா, சக்குபள்ளத்துக்கு நாம எப்பக்கா யானைச் சேதி போட்டோம்?"

பஃப்ஸை அப்படியே வைத்துவிட்டு மாடிப்படி ஏறினோம். மேலே மணி சார் கடமையை முடித்த திருப்தியோடு தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தார்.

"சார், யானை எங்கீங்க வந்திருக்குது?"

"அகளீலே. காட்டுக் காவல்காரன் இப்பதான் போன்லே கூப்பிட்டான். உடனே போட்டுட்டேன், கேட்டியா."

"சேதி எங்கீங்க போயிருக்குது?"

அவர் திரையைப் பார்த்தார். அப்புறம் தன் போனைப் பார்த்தார். முகம் வெளுத்துவிட்டது. நடந்தது இதுதான். இசக்கி எழுந்து போன மிஷினில் அவர் வந்து உட்கார்ந்திருக்கிறார். மூலையில் பெயரை மாற்றவில்லை, மிஷின் அவரை இசக்கி என்றே நினைத்துக்கொண்டிருந்தது. அகளி ஃபைல் இசக்கிக்குப் பிடித்தபடி நடுவில் திறந்தது. இவர் குடியிருப்புப் பெயர் பார்க்க வேறு டேப்புக்குப் போய்விட்டு, பழக்கப்படி அந்தக் கீயைத் தட்டினார். வரிசையின் கடைசியில் சக்குபள்ளம் உட்கார்ந்திருந்தது. அதில் எழுதி அனுப்பிவிட்டார்.

பிள்ளைகளே, இங்கே கொஞ்சம் நிதானமாகப் படியுங்கள். மணி சார் உடனே கீபோர்டை இழுத்து எழுத ஆரம்பித்தார். எட்டிப் பார்த்தேன். "சக்குபள்ளம் அன்பர்களுக்கு, தவறுதலாக..." என்று ஓடிக்கொண்டிருந்தது.

"சார், என்ன பண்றீங்க?"

"மொதல்ல அவாகிட்டே க்ஷமை சொல்லிடறேன். அந்த ஏலக்காய்க் குழுத் தலைவர் மகா கோபக்காரராக்கும்."

அவர் கையைப் பிடித்து நகர்த்திவிட்டேன். முதலாளி கையை அப்படிப் பிடித்தது அதுதான் முதல் தடவை. "சக்குபள்ளத்துல யானை இல்லீங்க சார். அகளில இருக்குதுங்க. இசக்கி, நீ உக்காரு."

இசக்கி உட்கார்ந்தாள், அகளி டேப்பைத் திறந்தாள், வாய்விட்டு "அகளி" என்று படித்தாள், எழுதினாள், அனுப்பினாள். அதற்குள் நான் அகளிப் பள்ளிக்கூடத்துக்குப் போன் போட்டேன். ஹெட்மாஸ்டர் எடுத்தார். பின்னால் பெஞ்சுகள் இழுபடும் சத்தமும் பிள்ளைகள் பை எடுக்கும் கூச்சலும் கேட்டது. விஷயத்தைச் சொன்னேன். அவர் போனை வைக்கக்கூட இல்லை, மேஜையில் போட்டுவிட்டு "மணி அடிக்காதே, கேட்டைச் சாத்து" என்று கத்திக்கொண்டே ஓடினார். அந்த ஓட்டத்தின் சத்தத்தைக் கேட்டுக்கொண்டு நின்றேன். பிறகு அவரே மூச்சிரைக்க வந்து, பிள்ளைகள் எல்லாம் உள்ளே இருக்கிறார்கள், யானைகள் பின்பக்கமாகக் கடந்து போகின்றன என்றார். நான் மேஜை ஓரத்தில் அப்படியே உட்கார்ந்துவிட்டேன்.

நமக்கு எங்கே அவமானம் என்று மனது முதலில் ஓடும். யாருக்கு ஆபத்து என்று அதைத் திருப்பிவிட வேண்டும். இந்தத் தொழிலில் இத்தனை காலம் இருந்து நான் கற்ற பெரிய பாடம் அவ்வளவுதான், மற்றதெல்லாம் நீங்களே இணையத்தில் படித்துக்கொள்ளலாம்.

சரி, அகளி தப்பியது. இனி சக்குபள்ளம்.

அங்கே ஏலக்காய் எடுத்துக்கொண்டிருந்த பெண்கள் கூடையைப் போட்டுவிட்டு ஜீப்பில் ஏறி உட்கார்ந்துவிட்டார்கள். ஜீப் கொள்ளாமல் மேலேயும் ஏறிவிட்டார்கள். "உங்கள் ஊரில் யானை இல்லை, செய்தி தவறு" என்று உடனே அனுப்பினோம். யாரும் இறங்கவில்லை. குழுத் தலைவர் போனில் வந்தார், கம்பம் பக்கத்திலிருந்து போய் அங்கே தோட்டம் போட்ட குடும்பம்.

"என்னம்மா செஞ்சு வச்சிருக்கீங்க? யானை இல்லைன்னு நீங்க சொல்றீங்க. இங்கிட்டு ஒருத்தன் தும்பிக்கையப் பாத்துட்டேங்குறான். ஒருத்தி பலா மரம் ஒடிஞ்ச சத்தம் கேட்டுச்சுங்குறா. வேலைக்குக் கூப்புடுறதுக்காகப் பொய் சொல்றேன்னு என்னையத் திட்டுறாங்க. 'யானை இல்லைன்னு யானையே வந்து சொல்லட்டும்'னு ஜீப்பு மேல உக்காந்துக்கிட்டு ஒரு பாட்டி சட்டம் பேசுது!"

இசக்கி மெல்லச் சொன்னாள். "அக்கா, எஸ்டேட்டுல இல்லன்னு சொன்னா ஒருத்தரும் நம்ப மாட்டாவ. போயிருச்சுன்னு சொன்னாத்தான் நம்புவாவ. யானை போயிருச்சுன்னு போட்டிருவமா?"

எனக்கு ஆசையாகத்தான் இருந்தது. மணி சார் தலையை வேகமாக ஆட்டினார். ஆனால் வராத யானை போய்விட்டது என்று நாம் எழுதினால், நாளைக்கு வந்த யானை போய்விட்டது என்று எழுதும்போது அதற்கு என்ன மதிப்பு? எச்சரிக்கை அனுப்புகிறவன் ஒருமுறை கதை விட்டால் தொழிலை மூடிவிட்டு பஃப்ஸ் விற்கலாம். யோசித்து இப்படிப் போடச் சொன்னேன்: "யானைகள் இப்போது அகளியில் இருக்கின்றன. சக்குபள்ளத்தில் இல்லை."

ஒவ்வொரு எழுத்தும் உண்மை. ஜீப்பில் இருந்தவர்கள் படித்தார்கள். யானை அகளிக்குப் போய்விட்டது என்று எடுத்துக்கொண்டு நிம்மதியாக இறங்கினார்கள். ஜில்லா தாண்டி ஜில்லா தாண்டி இருக்கிற அகளிக்கு அது எப்படி அதற்குள் போனது என்று ஒருவர் கேட்டாராம். "ஜீப்பப் புடிச்சுப் போயிருக்கும்" என்றாளாம் அந்தப் பாட்டி.

இத்தோடு முடிந்திருந்தால் நானும் உங்களைச் சிரிக்க வைத்துவிட்டு நிறுத்தியிருப்பேன். அன்று சாயங்காலம் தலைவர் மறுபடி கூப்பிட்டார். மறுநாள் பாலக்காட்டுக்கு நேரில் வருவதாகவும், இதைச் செய்தது யார் என்று தன் முகத்துக்கு நேரே சொல்ல வேண்டும் என்றும், இல்லாவிட்டால் அந்த மாதத்தோடு நம்மோடு முடித்துக்கொள்வதாகவும் சொன்னார்.

மணி சார் போனை வைத்துவிட்டு ஜன்னலைப் பார்த்து நின்றார். "அந்தப் ப்ளகின் இல்லேன்னா இது நடந்திருக்காது. டேப் வெக்கற எடத்துலே ஆளுக்கொரு சட்டம் வெச்சா இப்படித்தான் ஆகும். ப்ளகினை எடுத்துடு, கண்ணம்மா. அந்தப் பொண்ணையும் இந்த மாசத்தோட நிறுத்திக்கலாம். புதுசா வந்தவ பண்ணின கைவேலைன்னு தலைவர்கிட்டே சொல்லிடறேன்."

மனுஷர் கெட்டவர் இல்லை. பயந்துபோயிருந்தார். பயந்த மனுஷர் முதலில் பக்கத்தில் இருக்கிற இளைய ஆளைத்தான் முன்னால் தள்ளுவார், இது நீங்கள் போகிற எல்லா அலுவலகத்திலும் நடக்கும். எனக்கு வந்த கோபத்தில் எதையாவது சொல்லியிருப்பேன். இசக்கி வாசல் பக்கம் நின்று கேட்டுக்கொண்டிருந்ததைப் பார்த்ததும் சொல்ல முடியவில்லை. அவள் அழவில்லை. "அக்கா, பீர்மேட்டுக்கு நாளைக்குக் காலைல பஸ் உண்டுமா?" என்று மட்டும் கேட்டாள்.

சண்டை போட்டால் மணி சார் இன்னும் இறுகிவிடுவார் என்று எனக்குத் தெரியும். ப்ளகின் மேல் தவறில்லை என்று மணிக்கணக்கில் விளக்கலாம், தலைவருக்குப் புரியாது. அவருக்கு டேப்பும் தெரியாது, எடிட்டரும் தெரியாது. அப்போதுதான் எனக்கு அந்த வாஸ்து நாள் ஞாபகம் வந்தது.

மறுநாள் காலையில் நான் ரொம்ப நல்ல பிள்ளையாக நடந்துகொண்டேன். "சார் சொன்னபடியே ப்ளகினை எடுத்துட்டனுங்க. எல்லாம் பழையபடி ஆயிருச்சுங்க. தலைவர் வந்தா, இனி தப்பு நடக்காதுன்னு நீங்களே ஒரு ஒத்திகை அனுப்பிக் காமிங்க. நான் சொல்றதவிட மொதலாளி சொன்னா ஒரு கெத்து இருக்குமில்லீங்க?"

"ஒத்திகை யாருக்குப் போகும்?"

"ஊர்க்காரங்க ஆருக்கும் போகாதுங்க. அகளிக்கு என் போன் மட்டும், சக்குபள்ளத்துக்குத் தலைவர் போன் மட்டும் வெச்சிருக்கேனுங்க. நமக்கு வர்ற நகலையும் நிறுத்திட்டனுங்க."

"பேஷ்," என்றார்.

டேப்புகளை முந்தின நாள் எப்படி இருந்தனவோ அதே வரிசையில் நிறுத்தினேன். ஒன்றைக்கூட மாற்றவில்லை, அது நியாயம் இல்லை. இசக்கி பையோடு வந்திருந்தாள். அவளைக் கீழே பேக்கரியில் உட்கார வைத்து, நான் கூப்பிடும்வரை ஒரு டீயை மெதுவாகக் குடி என்றேன். எவ்வளவு மெதுவாக என்று கேட்டாள். பஸ் போகிற அளவுக்கு என்றேன்.

மணி சார் ஒரே ஒரு தடவை கண்ணைத் திறந்து டேப்பைப் பார்த்துவிட்டால் எல்லாம் போச்சு. ஒத்திகை சரியாக நடக்கும், ப்ளகின்தான் குற்றவாளி என்று முடிவாகும், இசக்கி அந்த ஜீப்பில் ஏற வேண்டியதுதான். அவருடைய பழக்கத்தை நம்பி ஒரு பெண்ணின் வேலையைப் பணயம் வைத்திருந்தேன்.

தலைவர் வந்தார். வெள்ளை வேட்டி, சட்டைப் பையில் போன், சட்டை முழுக்க ஏலக்காய் வாசனை. உட்காரவே இல்லை. மணி சார் எல்லாவற்றையும் விளக்கினார்: புதிதாக வந்த பெண், அவள் போட்ட ஒரு ப்ளகின், அதனால் வந்த குழப்பம், இப்போது எடுத்தாயிற்று, அவளையும் நிறுத்தப்போகிறோம்.

"இப்பப் பாருங்கோ, அகளிக்கு ஒரு ஒத்திகை அனுப்பறேன்."

நான் அந்த நேரம் பார்த்துக் காப்பியை நீட்டினேன். "தலைவருக்கு நம்ம கம்பெனி எப்படி ஆரம்பிச்சதுன்னு தெரியாதுங்க, சார்."

அவ்வளவுதான். மணி சாருக்கு வேறென்ன வேண்டும்? கை ஒரு பக்கம், வாய் ஒரு பக்கம். கல்பாத்தி வீட்டு மாடியில் ஒற்றைக் கம்ப்யூட்டரோடு தொடங்கியதைச் சொல்லிக்கொண்டே அகளி ஃபைலைத் திறந்தார். ப்ளகின் இல்லாத எடிட்டர் தன் பிறவிக்குணப்படி அதை நடுவில் திறந்தது. பழைய நாளில் ஒவ்வொரு டேப்பையும் முக்கி முக்கி மவுஸால் கடைசிக்கு இழுத்ததை அவர் சுத்தமாக மறந்துபோயிருந்தார். இசக்கியின் ப்ளகின் வந்ததிலிருந்து அந்த வேலையே அவருக்கு இல்லையே. குடியிருப்புகளின் பெயர் இருக்கிற டேப்புக்குப் போய் "எத்தனை ஊர் பாத்தேளா?" என்று தலைவருக்குக் காட்டினார். அப்புறம் விரல் தானாக அந்தக் கீயைத் தட்டியது. தலைவர் முகத்தைப் பார்த்துக்கொண்டே எழுதினார். அனுப்பினார்.

"இப்போ கண்ணம்மாவோட போன் அடிக்கும்," என்றார்.

என் போனை மேஜை நடுவில் வைத்திருந்தேன். மூன்று பேரும் அதையே பார்த்தோம். அது பேசாமல் கிடந்தது.

தலைவரின் சட்டைப் பை அடித்தது.

அவர் போனை எடுத்தார். கண்ணாடி கொண்டு வரவில்லை போலிருக்கிறது, கையை நீட்டித் தள்ளிப் பிடித்து உரக்கப் படித்தார். "அகளி மக்களுக்கு. இது ஒத்திகை. யானை இல்லை."

தலைவர் போனைப் பார்த்தார், மணி சாரைப் பார்த்தார், பிறகு முதல்முறையாக நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

"யானை இல்லைன்னு போட்டிருக்கீங்க. நம்பிட்டேன்," என்றார். அப்புறம் காப்பியை ஒரு வாய் குடித்துவிட்டு, "அந்தப் புள்ளையும் இங்க இல்ல, அது போட்டதையும் எடுத்தாச்சுங்குறீங்க. அப்ப இதை அனுப்புனது யாரு சார்?" என்று கேட்டார்.

மணி சாரைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும், இதைச் சொல்லாவிட்டால் பாவம். அவர் குனிந்து டேப்பின் ஓரத்தில் இருந்த அந்தச் சின்ன எழுத்தைப் படித்துவிட்டு, "நான்தான்," என்றார். "நேத்திக்கும் நான்தான்." அப்புறம் என் பக்கம் திரும்பினார். ஒத்திகை யோசனை யாருடையது என்பது அப்போதுதான் அவருக்கு உறைத்திருக்க வேண்டும். திட்டப்போகிறார் என்று நினைத்தேன். "அந்த மேஜை விஷயமும் உன்னோட வேலைதானே?" என்றார். நான் காப்பி டம்ளர்களைப் பொறுக்க ஆரம்பித்தேன்.

இசக்கியை மேலே கூப்பிட்டோம். பையைத் தோளிலிருந்து இறக்காமலே வந்து நின்றாள். "அந்தப் ப்ளகினைத் திரும்பப் போடு," என்றார் மணி சார், அவளைப் பார்க்காமல்.

"போடுதேன் சார்," என்றாள் இசக்கி. "ஆனா புரொபேஷன்ல இருக்கவ போட்டா, போனவாட்டி மாதிரி புரொபேஷன் ப்ளகினாத்தான் இருக்கும். நெரந்தரமா வேணும்னா..."

தலைவர் காப்பி புரையேறிச் சிரித்தார். மணி சார் அங்கேயே கையெழுத்துப் போட்டார். நான் ஜன்னல் பக்கம் திரும்பிக் கண்ணைத் துடைத்துக்கொண்டேன். அந்தக் காலை பஸ் போயே போய்விட்டிருந்தது.

டேப் எங்கே திறந்தால் என்ன, ஆளுக்கொரு ருசி. பந்தி நடுவிலோ கடைசியிலோ இருந்துவிட்டுப் போகட்டும். இலையில் யார் உட்கார்ந்திருக்கிறார்கள் என்று பார்த்துவிட்டுப் பரிமாற வேண்டும், அவ்வளவுதான். அதற்காக அன்று மத்தியானமே இசக்கி ப்ளகினில் சேர்த்ததுதான் நீங்கள் வெறுக்கிற அந்தப் பெட்டி. முதன்முதலில் அதில் பெயர் தட்டியவர் மணி சார். பதற்றத்தில் "கல்பாத்தி" என்று தட்டினார், பெட்டி ஒத்துக்கொள்ளவில்லை.

எடுக்கத்தான் வேண்டும் என்றால் உங்கள் மேலாளரிடமே போய்க் கேளுங்கள். பயப்பட வேண்டாம், இசக்கி திட்ட மாட்டாள். "எடுத்துருவோமே" என்பாள். "அதுக்கு முன்னால எனக்கு முன்ன உக்காந்து, பெட்டி இல்லாம அகளிக்கு ஒரு ஒத்திகை அனுப்பு" என்பாள். டீ வாங்கிக் கொடுத்து, உங்கள் ஊர் எது, வீட்டில் யார் யார் இருக்கிறார்கள் என்று ரொம்பப் பிரியமாக விசாரிப்பாள். பதில் சொல்லிக்கொண்டே அனுப்புங்கள். அவள் போன் மேஜை மேல்தான் இருக்கும். ஒத்திகை நிஜமாகவே அகளிக்குப் போய் அது அடித்தால் உங்கள் அதிர்ஷ்டம்.